கொடுத்த எழுத்துகளில் எத்தனை சொல் இருக்கிறது? தமிழில் கணினி தப்பாக எண்ணுவது ஏன்

சில எழுத்துகளைக் கொடுத்து, "இவற்றை வைத்து அமையும் சொற்களையெல்லாம் தேடிக் கொடு" என்று கேட்பது பழைய விளையாட்டுதான். குறுக்கெழுத்துப் புதிர் போடுபவர்களுக்கு இது தினசரித் தேவை. எதுகை தேடும் கவிஞருக்கும், குழந்தைகளுக்குச் சொல் விளையாட்டு செய்து தரும் ஆசிரியருக்கும் கூட அப்படித்தான். ஆங்கிலத்தில் இதற்கு எக்கச்சக்கமான கருவிகள் இருக்கின்றன, கொடுத்ததும் நொடியில் பட்டியல் வந்துவிடும். அதே நிரலில் தமிழ்ச் சொற்பட்டியலைப் போட்டு ஓட்டினால் வருகிற விடைகளைப் பார்த்துப் பலரும் குழம்புகிறார்கள். இல்லாத எழுத்தெல்லாம் விடையில் வருகிறது, இருக்க வேண்டிய சொல்லோ வருவதில்லை.

தேடும் முறையில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. அதற்கு முந்தைய படியில்தான் சிக்கல்: எதை ஓர் எழுத்து என்று எண்ணுவது? நாம் ஒரு மாதிரி எண்ணுகிறோம், கணினி வேறு மாதிரி எண்ணுகிறது.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வோம்

"இந்த எழுத்துகளைக் கொண்ட சொற்கள்" என்பது ஒரே கேள்வி போலத் தெரியும். உண்மையில் மூன்று.

1. கொடுத்த எழுத்துகள் எல்லாமே சொல்லில் இருக்க வேண்டும், கூடவே வேறு எழுத்துகளும் இருக்கலாம். க, ர, ம் என்று கொடுத்தால் நகரம், மகரம், கரகம் எல்லாம் சரி.
2. கொடுத்த எழுத்துகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும், எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. நகரம் என்று கொடுத்தால் நகம், கரம், ரகம் சரி.
3. கொடுத்த எழுத்துகள் அத்தனையும், கூடாமல் குறையாமல், இடம் மட்டும் மாறி வர வேண்டும். நகரம் கொடுத்தால் நரகம்.

இதோடு இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும். ஓர் எழுத்து ஒரு தரம் கொடுக்கப்பட்டால் அதை எத்தனை தரம் பயன்படுத்தலாம்? ஒரு தரம்தான் என்றால் நகரம் என்பதிலிருந்து கரகம் வராது, அதற்கு இரண்டு க வேண்டும். எத்தனை தரமும் போடலாம் என்றால் வரும். பல கருவிகள் இதைச் சொல்வதே இல்லை, பாதிக் குழப்பம் இங்கேயே ஆரம்பிக்கிறது.

கணினி பார்ப்பது எழுத்தை அல்ல

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ், மூன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல் மொழிகளில் அந்தச் சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 5 என்று வரும். ஏனென்றால் யூனிகோடில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரத்தில், அந்தச் சொல் த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனி எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. இந்த எண் ஒவ்வொன்றையும் குறியெண் என்று வைத்துக்கொள்வோம். கணினியின் "எழுத்து" என்பது இந்தக் குறியெண்தான்.

இது இப்படி ஆனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக அதற்கு முன்பே இருந்த இஸ்கி முறையின் அமைப்பை அது பின்பற்றியது. உயிரெழுத்துகளுக்குத் தனி எண், அகரமேறிய மெய்களுக்குத் தனி எண், துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்குத் தனி எண். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என நாம் எண்ணும் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கப்படவில்லை. தமிழுக்கு ஒதுக்கிய இடமே மொத்தம் 128தான்.

இலக்கணத்தின்படி க் என்ற மெய்யோடு இ என்ற உயிர் சேர்ந்தால் கி. அடிப்படை மெய், உயிர் அதன் மேல் ஏறுகிறது. யூனிகோடிலோ க என்ற அகர உயிர்மெய்தான் அடிப்படை. கி என்பது க கூட்டல் மேல்விலங்கு. க் என்பது க கூட்டல் புள்ளி. இலக்கணத்தில் மிகச் சிறிய அலகாக இருக்கும் மெய்யெழுத்து, கணினியில் இரண்டு துண்டாக இருக்கிறது. இலக்கணத்தில் இரண்டு ஒலி சேர்ந்த க, கணினியில் ஒரே துண்டு. நேர் எதிர்த்திசை. சொல் தேடும் நிரலில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளம்புகின்றன.

மரகதம் என்ற சொல்லை வைத்துப் பார்ப்போம்

மரகதம் என்பதில் ம, ர, க, த, ம் என ஐந்து எழுத்து. மேலே சொன்ன இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம்: இந்த எழுத்துகளை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரு தரம் மட்டும் பயன்படுத்த வேண்டும். கையால் தேடினாலே மரம், மதம், மகம், தரம், ரதம், ரகம், கரம், மகரம், தகரம், மகதம் என்று வந்துகொண்டே இருக்கும். நல்ல வளமான சொல்.

இப்போது குறியெண் அளவில் யோசிக்கும் நிரலிடம் இதையே கொடுப்போம். அதன் கையில் இருப்பது ம, ர, க, த, ம, புள்ளி என ஆறு துண்டுகள். புள்ளி அதற்குத் தனித் துண்டு, எதன் தலையிலும் வைக்கலாம். எனவே மேலே சொன்ன சொற்களோடு தமர், தகர் என்ற சொற்களையும் அது கொடுக்கும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள்தான், தமர் என்றால் சுற்றத்தார், தகர் என்றால் ஆட்டுக்கடா. ஆனால் மரகதத்தில் ர் எங்கே இருக்கிறது? ம் என்ற எழுத்திலிருந்து புள்ளியைப் பிடுங்கி ர தலையில் வைத்திருக்கிறது நிரல்.

இதுவாவது பரவாயில்லை. பாடி என்று கொடுத்தால் படி அதற்குள் இருக்கிறது என்று சொல்லும். பா என்ற எழுத்திலிருந்து துணைக்காலை உருவிவிட்டு ப வை எடுத்துக்கொள்ளும். விகடகவி என்பதைத் திருப்பிப் போட்டாலும் அதுவேதான் என்று நாம் சிறுவயதிலிருந்து சொல்லி வருகிறோம்; குறியெண்களைத் திருப்பினால் மேல்விலங்கு முன்னால் வந்து நிற்கும், கடைசியில் வெறும் வ இருக்கும், "இது ஒன்றல்ல" என்று நிரல் அடித்துச் சொல்லும்.

இடத்தை வைத்துத் தேடுவதிலும் இதே கதைதான். எதுகைக்காகத் தேடுபவர் "முதலில் ஏதாவது ஓர் எழுத்து, அடுத்து டம்" என்று கேட்பார். வழக்கமான தேடல் வடிவத்தில் அதை ".டம்" என்று எழுதுவார்கள், அந்த முற்றுப்புள்ளிக்கு ஏதாவது ஒன்று என்று பொருள். படம், கடம், தடம், இடம் எல்லாம் வரும். பாடம், மாடம், கூடம், வேடம் எதுவும் வராது. ஏனென்றால் பாடம் என்பதில் இரண்டாவது குறியெண் ட அல்ல, துணைக்கால். எதுகை பார்ப்பவருக்கு முதலெழுத்தின் குறில் நெடில் ஒத்துப்போவது முக்கியம், அதனால் பாடம் என்பதற்கு மாடமும் கூடமும்தான் வேண்டும். சரியாக அந்தச் சொற்களைத்தான் கருவி விட்டுவிடுகிறது.

ஒரே எழுத்து, இரண்டு வேடம்

இதுவரை சொன்னது எண்ணும் அலகு பற்றியது. இனி வருவது இன்னும் நுட்பமானது, கண்ணுக்குத் தெரியாது.

கொடி என்ற சொல்லில் கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க வும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியெண். அல்லது க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று. திரையில் இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. சொற்பட்டியலில் ஒரு விதமாகவும் நீங்கள் தட்டச்சு செய்தது வேறு விதமாகவும் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் சொல்லையும் "இல்லை" என்று சொல்லும். துண்டு துண்டாக எண்ணும் நிரலாக இருந்தால் கொடியிலிருந்து காடியைக்கூட எடுத்துக் கொடுக்கும், ஏனென்றால் அதன் பையில் தனியாக ஒரு துணைக்கால் கிடக்கிறது.

இதற்கு மருந்து இருக்கிறது. யூனிகோடே இயல்பாக்கம் என்ற முறையை வகுத்திருக்கிறது. ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் அது. கிட்டத்தட்ட எல்லா நிரல் மொழியிலும் ஒரே வரி வேலை. சொற்பட்டியலுக்கும் பயனர் தரும் எழுத்துக்கும் இரண்டுக்குமே அதைச் செய்துவிட்டால் கொ, கோ தொல்லை தீர்ந்தது.

தீராத தொல்லை ஔகாரம். ஔவை என்று சரியாகத் தட்டச்சு செய்தால் ஔ, வை என இரண்டு எழுத்து. ஒ தட்டி, பிறகு ள தட்டி எழுதினால் ஒளவை. திரையில் கிட்டத்தட்ட ஒரே தோற்றம், ஆனால் ஒ, ள, வை என மூன்று எழுத்து. இணையத்தில் இரண்டும் ஏராளம். கௌரவம், வௌவால் போன்றவையும் இப்படித்தான், கெ வும் ள வும் சேர்த்துத் தட்டப்பட்டுக் கிடக்கின்றன. கொம்புக்காலும் (ஔகாரக் குறியில் ள போலத் தெரியும் பகுதி) ள என்ற எழுத்தும் யூனிகோடுக்கு வேறு வேறு எழுத்துகள், அதனால் இயல்பாக்கம் இதைத் தொடாது. சரி, நாமே கெள என்பதையெல்லாம் கௌ என்று மாற்றிவிடலாமே என்றால், கெளுத்தி மீன் மாட்டிக்கொள்ளும். அங்கே இருப்பது உண்மையான ளு. ஆகவே ள வுக்குப் பின்னால் குறியோ புள்ளியோ எதுவும் இல்லாதபோது மட்டும் மாற்றுவது, மாற்றிய பிறகு அகராதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இதுதான் ஓரளவு பாதுகாப்பான வழி. நோகாமல் முடிகிற வேலை அல்ல, ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும்.

எழுத்தாகப் பிரிப்பது எப்படி

அடிப்படை விதி எளிது. ஒரு சொல்லை இடமிருந்து படித்துக்கொண்டே போக வேண்டும். குறியோ புள்ளியோ வந்தால் அதை முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். வேறு எது வந்தாலும் புது எழுத்து ஆரம்பம். அவ்வளவுதான், பத்து வரி நிரல்.

அதையும் எழுத வேண்டாம் என்றால் ஆயத்தமாகவே இருக்கிறது. பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு இதைச் செய்கிறது. ஸ்விஃப்ட் மொழியில் "தமிழ்" என்பதன் எண்ணிக்கையைக் கேட்டால் நேராகவே 3 என்று வரும், ஏனென்றால் அந்த மொழி ஒட்டிய குறிகளோடு சேர்த்தே எழுத்தை எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் இப்போது அப்படிப் பிரித்துத் தரும் வசதி உள்ளமைந்தே வருகிறது.

இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் இரண்டு இடத்தில் நாமே முடிவெடுக்க வேண்டும். ஒன்று க்ஷ. யூனிகோடின் பொது விதிப்படி இது க், ஷ என இரண்டாகப் பிரியும். பக்ஷி என்பதற்குக் குறுக்கெழுத்தில் இரண்டு கட்டமா, மூன்று கட்டமா? என் கருத்தில், ஒரே உருவமாக எழுதும்போது ஒரே கட்டம்தான். இன்னொன்று ஸ்ரீ. அதுவும் இரண்டாகப் பிரியும், போதாக்குறைக்கு அதன் முதல் மெய்யை இரு வேறு குறியெண்களில் எழுத முடியும். எப்படி வேண்டுமானாலும் முடிவெடுங்கள், கருவி முழுக்க ஒரே முடிவாக இருக்கட்டும்.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டால் இந்தப் பாடே இல்லையே என்று கேட்கலாம். அப்படி ஒரு முறையும் உண்டு. டேஸ் 16 என்று பெயர், 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக அறிவித்தது. மெய்யும் உயிரும் சேர்வதை வெறும் கூட்டல் கணக்காகவே அதில் செய்யலாம், சொல் ஆய்வுக்கு அருமையான அமைப்பு. ஆனால் அவரவர் சொந்தப் பயனுக்கென்று விடப்பட்ட யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அதன் எண்கள் இருப்பதால், அதற்கென்று ஏற்பாடு செய்யாத கணினியில் படிக்க முடியாது. வெளியே யூனிகோட், நிரலுக்கு உள்ளே மட்டும் இப்படி ஓர் எழுத்துக்கு ஓர் எண், என்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிற வழி என்று நினைக்கிறேன்.

அப்புறம் தேடல்

எழுத்தைச் சரியாகப் பிரித்துவிட்டால் மீதி எல்லாம் ஆங்கிலத்தில் எப்படியோ அப்படியே.

1. நேரடித் தேடல். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் நமக்குக் கொடுத்ததில் போதிய எண்ணிக்கையில் இருக்கிறதா என்று பார்ப்பது. லட்சம் சொல் என்றாலும் இன்றைய கைப்பேசிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முதன்முதலில் எழுதுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. அடுக்கிய சாவி. இடம் மாறிய சொற்களைக் கண்டுபிடிக்க மிக அழகான உத்தி இது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கினால் கிடைப்பது அதன் சாவி. நகரம், நரகம் இரண்டையும் அடுக்கினால் க, ந, ம், ர என்று ஒரே சாவிதான் வரும். எல்லாச் சொல்லையும் முன்கூட்டியே சாவிவாரியாகப் பிரித்து வைத்துவிட்டால், தேடும்போது நமது எழுத்துகளை அடுக்கி அந்தச் சாவியின் கீழ் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். யூனிகோடின் எண் வரிசை தமிழ் அகரவரிசை அல்ல, ன என்பது அங்கே ந வுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். சாவிக்கு அதனால் பாதகமில்லை, எல்லாச் சொல்லுக்கும் ஒரே வரிசையாக இருந்தால் சரி. விடைகளைப் பயனருக்குக் காட்டும்போதுதான் அகரவரிசை வேண்டும்.

இதன் பலன் எவ்வளவு என்று பாருங்கள். மரகதத்தின் ஐந்து எழுத்தில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ எடுத்து எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்றால் 325. வரிசையைப் பொருட்படுத்தாமல் எடுத்தால் 31தான். சாவி முறையில் 31 தடவை தேடினால் வேலை முடிந்தது. பத்து எழுத்து என்றால் வித்தியாசம் 98,64,100க்கும் 1,023க்கும்.

3. கிளை அமைப்பு. சொற்களை முதலெழுத்து, இரண்டாம் எழுத்து என்று கிளைகளாகப் பிரித்து வைப்பது. ம என்ற கிளையில் போய் அங்கிருந்து ர, அங்கிருந்து ம். கையில் இல்லாத எழுத்து வந்ததும் அந்தக் கிளையை அப்படியே விட்டுவிடலாம். பலகையில் எழுத்துகளை வைத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை ஆங்கிலத்தில் ஆடும் நிரல்களுக்காக 1988இல் ஆப்பெல், ஜேக்கப்சன் இருவரும் இந்தக் கிளைகளின் பொதுவான வால்களை ஒன்றிணைத்து வேகமாகத் தேடும் முறையை வெளியிட்டார்கள். ஏற்கெனவே பலகையில் இருக்கும் எழுத்தைச் சுற்றி இரு பக்கமும் சொல் அமைப்பதற்காக 1994இல் கோர்டன் அதை மேம்படுத்தினார். கட்டம் போட்ட விளையாட்டுக்குத்தான் இவ்வளவு தூரம் போக வேண்டும்.

ஆங்கிலத்தில் இன்னொரு குறுக்குவழி உண்டு. 26 எழுத்துக்கும் ஆளுக்கொரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) என்று வைத்து ஒரே 32 பிட் எண்ணில் ஒரு சொல்லின் எழுத்துகளையெல்லாம் குறித்துவிடுவார்கள். தமிழில் 247, அதோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகள் 65, ஸ்ரீ ஒன்று, ஆக 313. ஐந்து 64 பிட் எண்கள் வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் ஆங்கில நிரலை அப்படியே எடுத்து ஒட்டினால் வேலை செய்யாது.

சொற்பட்டியல் எங்கே?

நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டியலில் இல்லாத சொல் வராது. தமிழில் இதுதான் நிஜமான பள்ளம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு பின்னிணைப்பும் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், இணையத்திலும் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே பட்டியலாக்க முடியாது. வினைச்சொற்கள் தகர்-தல், தகர்-த்தல் என்று கோடு போட்டுப் பிரித்துத் தரப்பட்டிருக்கும். பழஞ்சொற்கள் ஏராளமாக வரும், கைப்பேசி, இணையம் போன்றவை வராது. தகர் என்றால் ஆட்டுக்கடா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? விளையாட்டில் அது விடையாக வந்தால் ஆடுபவர் எரிச்சல்தான் படுவார்.

ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு. மரகதத்தின் எழுத்துகளில் கமம் என்ற சொல்லும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கமம் என்றால் விவசாயம், கமக்காரர் என்றால் விவசாயி, அன்றாடச் சொல். சென்னையில் ஒருவர் அதைப் பார்த்து இப்படி ஒரு சொல்லா என்று கேட்கக்கூடும். பட்டியல் தயாரிப்பவர் தனக்குத் தெரியாத சொல் என்பதற்காக இதையெல்லாம் தூக்கிவிடக் கூடாது.

பிறகு விகுதிகள், உருபுகள். மரம் ஒரு சொல். மரங்கள்? மரத்தில்? மரத்திலிருந்து? ஒரு பெயர்ச்சொல்லுக்கே இத்தனை வடிவம், வினைச்சொல்லுக்கு இதைவிடப் பல மடங்கு. எல்லாவற்றையும் சேர்த்தால் பட்டியல் கட்டுக்கடங்காது, விடைகளும் சலிப்பூட்டும். எதையும் சேர்க்காவிட்டால் வந்தான், போனாள் என்பதெல்லாம் சொல்லே இல்லை என்றாகிவிடும். விளையாட்டுக்கு என்றால் பெயர்ச்சொல்லின் வேர் வடிவம், பன்மை, வினையின் ஏவல் வடிவம், தொழிற்பெயர் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்த விதியை ஆடுபவருக்கும் முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

கையிலுள்ள கருவியைச் சோதிக்க

1. தமிழ் என்று கொடுத்து நீளம் பாருங்கள், 3 வர வேண்டும். 5 வந்தால் அது குறியெண்ணை எண்ணுகிறது.
2. பாடி கொடுத்துப் பாருங்கள், படி வரக் கூடாது.
3. ".டம்" போன்ற தேடலில் படமும் பாடமும் சேர்ந்தே வர வேண்டும்.
4. கொடி என்பதை இரு வேறு தட்டச்சு முறைகளில் அடித்தோ, பழைய கோப்பு ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியோ தேடுங்கள். விடை மாறினால் இயல்பாக்கம் செய்யவில்லை.
5. வௌவால் என்பதை ள போட்டு எழுதித் தேடுங்கள், வௌவால் கிடைக்க வேண்டும். கையோடு கெளுத்தியையும் தேடுங்கள். அதில் நான்கு எழுத்து, கெ, ளு, த், தி. ஔகாரத்தைத் திருத்தும் அவசரத்தில் பல கருவிகள் இதைச் சிதைத்து வைத்திருக்கும்.